உள்கட்டை

துவிச்சக்கரவண்டிக்கும் யாழ்ப்பாணத்தவருக்கும் உள்ள உறவை வாசகருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டுகளில், பெற்றோலும் மண்ணெண்ணெயும் அருமருந்தாகிவிட்ட காலத்தில், விறகுக் கட்டும் நெல் மூட்டையும் பள்ளிப் பிள்ளையும் நோயாளியும் சைக்கிளிலேயே பயணஞ் செய்ததை நாம் கண்ணாரக் கண்டோம். இரவிலே சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்களுள் நாமும் ஒருவர். ஆயினும், அந்த வண்டியிலே நாம் ஒருபோதும் பெரிதாக மதியாத உறுப்பு ஒன்று உண்டு, அது பிறேக். காரணம் வெளிப்படை. யாழ்ப்பாணத்துத் தரை பாய் விரித்தாற்போன்றது. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி தானே நிற்கும். நில்லாவிட்டாற் காலை ஊன்றிக்கொள்ளலாம். எமது தந்தையாரின் வண்டியில் இருந்தது கம்பி பிறேக். அதன் றப்பர்க் கட்டை தேய்ந்தால், பழைய ரயரில் ஒரு துண்டை வெட்டிச் செருகிவிடுவார். தேய்ந்ததா இல்லையா என்பதைத் தெருவாற் போகிறவருங்கூடச் சொல்லிவிடலாம். கட்டை அவ்வளவு வெளியாகத் தெரியும்.

இப்படி வளர்ந்த நாம் விஞ்ஞான ஆசிரியராக நுவரெலியாவுக்கு வந்து சேர்ந்தோம். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள ஊர். ஏற்றத்தையும் இறக்கத்தையும் கண்டு அஞ்சி, வந்த நாள் முதலாகப் பஸ்ஸையே நம்பினோம். சைக்கிளை மறந்தே போனோம் என்றுங் கூறலாம்.

2022ஆம் ஆண்டிலே நாடெங்கும் எரிபொருளுக்கு வரிசை நீண்டபோது சைக்கிளுக்கு மறுபடியும் ஒரு யோகம் பிறந்ததை யாவரும் அறிவர். அப்பொழுது எமது வீட்டில் எமது தங்கையின் மகன் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய தகப்பனார் இடமாற்றம் பெற்று மட்டக்களப்புக்குச் சென்றமையால், படிப்புக் குலையக்கூடாதென்று எம்மிடம் விடப்பட்ட பிள்ளை. அவன் தன் கூட்டாளி ஒருவனிடமிருந்து பழைய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தான். தடித்த ரயர், அகன்ற ஹாண்டில், முன்சில்லுக்கு ஸ்பிறிங். பிறேக்கைத் தேடினோம், சில்லின் விளிம்பிலே கட்டையைக் காணோம். சில்லின் நடுவில், அச்சை ஒட்டி, துளைகள் நிறைந்த மெல்லிய உருக்குத் தட்டொன்று சுழன்றது. அதனை இருபுறமும் கவ்வும் ஒரு சிறு பெட்டி. கட்டைகள் அந்தப் பெட்டிக்குள்ளே மறைந்திருந்தன.

“இதுதான் டிஸ்க் பிறேக், மாமா. காருக்கு இருக்கிறமாதிரி” என்றான்.

காருக்கு வந்த கதை பழையது. இங்கிலாந்தின் பேமிங்காமில் மோட்டார் வண்டி செய்த பிரெடெரிக் லாஞ்செஸ்ரர் என்னும் பொறியியலாளர் 1902இல் இதற்குப் புனைவுரிமை பெற்றார். அவருக்கு வாய்த்த கட்டை செம்பினாலானது. அக்காலத்துப் புழுதித் தெருக்களில் அது விரைவிலே தேய்ந்து போனதால், அந்தப் பிறேக் நெடுங்காலம் எடுபடாமற் கிடந்தது. பிறக்கும்போதே தேய்வு நோயோடு பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். 1953இல் லு மான் ஓட்டப் போட்டியில் இந்தப் பிறேக் பூட்டிய ஜாகுவார் வண்டி வென்ற பின்னரே உலகம் அதனைத் திரும்பிப் பார்த்தது.

மலைச் சைக்கிளின் கதையும் பிறேக்கோடு தொடர்புடையதே. அமெரிக்காவிலே கலிபோர்னியாவில் பெயர்பக்ஸ் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள ஒரு மலைப்பாதையில், 1976ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், சில இளைஞர் பழைய தடித்த சைக்கிள்களில் இறங்கிப் போட்டி வைத்தனர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் அச்சுக்குள்ளே பிடிக்கும் பிறேக் அவற்றுக்கு. ஒருமுறை கீழே போய்ச் சேர்வதற்குள் அச்சு கொதித்து, உள்ளிருந்த கிறீஸ் புகையாய்ப் போய்விடும். மறுபடியும் கிறீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘றீபக்’, அதாவது ‘மீண்டும் அடை’, என்ற பெயர் நிலைத்தது. மலையில் இறங்குவது சக்தியை வெப்பமாக்கும் தொழில் என்பதை அந்த இளைஞர் கிறீஸைக் கொடுத்துக் கற்றனர். நாம் அதனைக் கரும்பலகையில் எழுதியே கற்பித்து வந்தோம். ஆளும் வண்டியுமாக 75 கிலோகிராம் என்க. 1000 மீற்றர் உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி 735 கிலோயூல். காற்று ஒரு பங்கைக் கொண்டுபோகும், எஞ்சியது பிறேக்குக்கு. அந்த 735 கிலோயூலும் அடுப்பிலே கிடைக்குமானால், இந்த ஊர்க் குளிர் நீரென்றாலும், இரண்டு லீற்றரைத் தேநீருக்குக் கொதிக்க வைக்கலாம். இவ்வளவையும் தாங்குவது, புதிதாயிருக்கும்போதே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள உராய்பொருள்.

கணக்குச் சரி. அதைக் கற்பித்தவர் செய்த காரியத்தை இனிச் சொல்ல வேண்டும்.

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள், “மாமா, பின் பிறேக் பிடிக்க லீவர் நெடுகப் போகுது” என்று அவன் சொன்னான். சைக்கிள் கடைக்குக் கொண்டுபோகப் புறப்பட்டவனை மறித்து, இதற்கெல்லாம் காசு செலவழிப்பதா என்று நாமே முன்வந்தோம். அவனுடையது எண்ணெயால் இயங்கும் பிறேக் அன்று, வயரால் இயங்குவது. வயரை இழுத்தால் வெளிப்பக்கத்துக் கட்டை மட்டும் நகர்ந்து தட்டைத் தள்ளும். தட்டு சற்றே வளைந்து, நகராமலிருக்கும் உள்கட்டையிலே போய் அழுந்தும். அந்த உள்கட்டையை முன்பின் நகர்த்துவதற்கு ஒரு திருகாணி உண்டு. சில்லின் கம்பிகளுக்கிடையே அலன்கீயை நுழைத்து அதனை உள்ளே திருகினோம். லீவர் இறுகியது. இன்னுஞ் சற்றுத் திருகினோம், கல்லாக இறுகியது. “பார்த்தாயா தம்பி, இவ்வளவுதான் விஷயம்” என்று கையைத் துடைத்துக்கொண்டோம்.

உள்கட்டை தட்டைத் தொடாமலும் விலகாமலும் ஒரு கடதாசித் தடிப்புக்கு அப்பால் நிற்க வேண்டும். நாமோ அதைத் தட்டிலே சாய்த்து வைத்துவிட்டோம். பிறேக் பிடிக்கும்போது இரு கட்டைகளுந் தேயும். பிடியாதபோது, ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதிக்கும்போதும், உள்கட்டை மட்டும் தேய்ந்துகொண்டேயிருக்கும். மழை பெய்தால் தெருச் சேற்றிலுள்ள மணல் இடையிலே புகுந்து அரைக்கும்.

சில கிழமைகளில் பின்சில்லிலிருந்து ஓர் ஓசை வரத் தொடங்கியது. அவன் இருமுறை சொன்னான். முதன்முறை, “ஓட ஓடச் சரிவரும்” என்றோம். எமது வீட்டிலிருந்த பெரியம்மா, தேங்காயெண்ணெய் இரண்டு துளி விட்டாற் கீச்சிடாது என்று கிண்ணத்தோடு வந்துவிட்டார். நல்லவேளையாக அதை மட்டும் தடுத்தோம். (எண்ணெய் பட்ட கட்டை பெரும்பாலும் திருந்தாது, எறியத்தான் வேண்டும். தட்டை விரலால் தொடுவதையுங்கூடத் தவிர்க்கவேண்டும்.) இரண்டாம் முறை அவன் சொன்னபோது, விஞ்ஞான ஆசிரியருக்குரிய கௌரவத்தோடு பாடசாலையிலிருந்து வேணியர் இடுக்கிமானியைக் கொண்டு வந்தோம். தட்டின் ஓரத்தைத் தாடைகளால் இடுக்கி வாசித்தோம்: 1.8 மில்லிமீற்றர். இத்தகைய தட்டு புதிதாயிருக்கும்போதும் 1.8தான். பிறகு குனிந்து பெட்டியின் வெளிப்பக்கத்தால் எட்டிப் பார்த்தோம். வெளிக்கட்டையில் உராய்பொருள் தாராளமாயிருந்தது. “தட்டும் புதிது, கட்டையும் புதிது. பாடத்தைப் பார்” என்று தீர்ப்புக் கூறினோம். அவன் ஒன்றும் பேசவில்லை.

ஒக்ரோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. றம்பொடையிலுள்ள நண்பனிடம் குறிப்புக் கொப்பிகளை வாங்கிவரப் போவதாகக் கூறிப் புறப்பட்டான். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதங்களே இருந்தன. லபுக்கலையைக் கடந்தால் தெரு தேயிலைச் சரிவுகளூடே வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டே போகும். விடியற்காலை பெய்த மழையில் தெரு நனைந்து கிடந்தது.

நடந்ததைப் பின்னர் அவன் சொல்லிக் கேட்டோம். பாதி இறக்கத்திற் பின் பிறேக் இரும்பை இரும்பு அராவுவதுபோல் அலறியது. அடுத்த வளைவில் லீவர் ஹாண்டிலைத் தொட்டுவிட்டது, வண்டி குறையவில்லை. எதிரே ஒரு லொறி. முன் பிறேக்கை மட்டும் அழுத்தினான். ஈரத்தில் முன்சில்லு வழுக்கியது. பள்ளத்துப் பக்கம் சாயாமல் மலைப்பக்கத்துக் கானுக்குள் வண்டியை விட்டானே, அது அவனுடைய புத்தி. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் ஓடி வந்து தூக்கியெடுத்து முச்சக்கரவண்டியில் ஏற்றி அனுப்பினராம். வலக்கை மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போய் நின்று நாம் முதலிற் சொன்ன வார்த்தை, “வேகமாக ஓடாதே என்று எத்தனை முறை சொன்னேன்!” என்பதே. அறையிலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தனர். அன்றிரவு தங்கைக்குத் தொலைபேசியிற் கூறியதும் அதுவே: “பொடியன் வேகமாய் ஓடிவிட்டான். பயப்பட ஒன்றுமில்லை.” அப்பொழுது அதை நாம் உண்மையென்றே நம்பியிருந்தோம். நம்புவதற்கு வசதியாகவும் இருந்தது.

மூன்று நாள் கழித்து வண்டியைத் திருத்தக் கொடுத்தோம். ஊரின் ஓரத்திற் சிறு கடை வைத்திருக்கும் இளைஞர், எம்மிடம் படித்தவர். சில்லைக் கழற்றினார், பெட்டியிலிருந்து இரு கட்டைகளையும் இழுத்து எமது உள்ளங்கையில் வைத்தார். வெளிக்கட்டையில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் கறுப்புப் பொருள் இருந்தது. உள்கட்டையில் ஒன்றுமில்லை. வெறும் உருக்குத் தகடு, கண்ணாடிபோல் மினுங்கி, ஓரத்தில் வெப்பத்தால் நீலம் பாரித்திருந்தது. தட்டின் உட்பக்கத்தில் கிராமபோன் இசைத்தட்டைப்போல் வரிவரியாகக் கீறல்.

“சேர், இந்த உள்பக்கத் திருகாணி முழுசா உள்ள போயிருக்கே. இத யாரு திருகினது?” என்றார்.

சற்று நேரம் நாம் பேசவில்லை. பிறகு, “நாம்தான்” என்றோம்.

அவர் அதற்குமேல் ஒன்றுங் கேட்கவில்லை. பழைய மாணவர்களுக்கே உரிய மரியாதை அது; அதைத் தாங்குவதுதான் கடினம். தட்டிற் பொறித்திருந்த எழுத்தைக் காட்டினார்: ஆகக் குறைந்த தடிப்பு 1.5 மில்லிமீற்றர். மறுநாள் பாடசாலையிலிருந்து நுண்மானித் திருகுக் கணிச்சியை எடுத்துச் சென்று, கட்டை படும் பாதையில் மூன்று இடங்களில் அளந்தோம். 1.41, 1.36, 1.44. மாற்றவேண்டிய எல்லையைத் தாண்டி எவ்வளவோ நாளாகிவிட்டது. அப்படியாயின் இடுக்கிமானி 1.8 காட்டியது எப்படி? அதன் நீண்ட தாடைகள் தட்டின் வெளி விளிம்பிலே போய் உட்கார்ந்திருந்தன. கட்டை எட்டாத அந்த மெல்லிய விளிம்பு தேயாமல், வரம்புபோல உயர்ந்து நின்றது. நாம் அளந்தது வரம்பை; வயலையன்று. ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பூச்சிய வழுவைப் பற்றி இரண்டு பாடவேளை பேசுபவர் நாம். கருவி பிழைக்கவில்லை.

அன்று மாலை தங்கையை மறுபடியும் அழைத்தோம். நடந்ததை ஒளியாமற் கூறினோம். நெடுநேரம் மறுமுனையில் மௌனம்.

“அவனுக்குச் சொல்லிப்போட்டியளோ, அண்ணா?” என்று கேட்டாள்.

சொல்லவில்லை. அவள் ஏசியிருந்தாலும் மனம் ஆறியிருக்கும்.

அவன் யன்னலோரத்திலிருந்து, இடக்கையால் ஏதோ எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். கட்டைகள் இரண்டையும் மேசையில் வைத்து, “தம்பி, பிழை உன்னுடையதன்று” என்று தொடங்கினோம். அவன் உள்கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சத்தம் வந்த உடனை நான் அதைக் கொஞ்சம் தளர்த்தப் பாத்தனான், மாமா. பிறகு நீங்கள் கோவிப்பீங்கள் எண்டு விட்டிட்டன்” என்றான்.

இதற்கு என்ன விடை கூறுவது? ஆசிரியத் தொழிலிலே இருபத்தாறு ஆண்டுகள் கழித்தவர் நாம். அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றுவரை எம்மிடம் விடையில்லை.

அதன்பின் அந்த இளைஞருடைய கடையிற் பல மாலைப்பொழுதுகளைக் கழித்தோம். முன்பு எம்மிடம் கேட்டெழுதியவர் சொல்ல, நாம் கேட்டோம். அங்கு வந்த வண்டிகளிலிருந்து கழற்றிய கட்டைகளை ஒரு தகரப் பேணியிற் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து, அது தேய்ந்த விதத்திலிருந்தே வண்டியின் குறையைக் கூறுவார். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் ஆப்புப்போல் தேய்ந்திருந்தால், பெட்டி தட்டுக்கு நேராக நிற்கவில்லை என்று பொருள். பெட்டியைப் பூட்டும் இரண்டு ஆணிகளையுஞ் சற்றுத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்து, பெட்டி தானே நேரானபின் சிறிது சிறிதாக மாறி மாறி இறுக்கவேண்டும். சட்டத்திற் பெட்டி பூட்டுமிடத்திலே பெயின்ற் திரண்டிருந்தாற்கூட அது கோணலாய் நிற்கும். மேல் விளிம்பிலே படிபோல ஒரு துண்டு தேயாமல் எஞ்சியிருந்தால், கட்டை தட்டுக்கு வெளியே எட்டி நிற்கின்றது. இரு கட்டைகளின் படிகளும் ஒருநாள் ஒன்றோடொன்று முட்டிவிடும். அப்பொழுது லீவர் உறுதியாயிருக்கும், வண்டி நில்லாது. கேட்டபோது எமக்கு மெய் சிலிர்த்தது.

எண்ணெயால் இயங்கும் பிறேக்கில் இரு கட்டைகளையும் இரு சிறு பிஸ்ரன்கள் ஒருசேரத் தள்ளும். ஆகவே அங்கே எம்முடைய திருகாணிக் கூத்துக்கு இடமில்லை. ஆயினும் ஒரு பிஸ்ரனைச் சுற்றி அழுக்குப் படிந்து அது சோம்பிவிட்டால், மற்றது மட்டும் உழைக்கும். தட்டு ஒரு பக்கம் வளையும். கட்டைகள் ஒன்றுக்கொன்று வேறாய்த் தேயும். ஓடும் பிஸ்ரனைப் பிடித்து வைத்து, சோம்பியதைத் துடைத்து, அந்தப் பிறேக்குக்குரிய எண்ணெயை ஒரு துளி தொட்டு, பலமுறை வெளியே வரவும் உள்ளே போகவும் செய்தால் பெரும்பாலும் வழிக்கு வரும். கனிய எண்ணெய் ஊற்றிய பிறேக்குக்குக் கார் பிறேக் எண்ணெயைத் தொடக்கூடாது. உள்ளிருக்கும் றப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

கட்டையிலும் இரு சாதி. பிசினிற் செய்தது அமைதியாகப் பிடிக்கும், ஆனால் மழைச் சேற்றிலே விரைவிற் கரையும். உலோகப் பொடியை இறுக்கிச் செய்தது நெடுநாள் உழைக்கும், சத்தமும் போடும். சில தட்டுகள் பிசின் கட்டைக்கு மட்டுமே ஏற்றவை. அதுவும் தட்டிலே பொறித்திருக்கும். எதுவாயினும் உராய்பொருள் அரை மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் இரண்டையுஞ் சேர்த்தே மாற்றவேண்டும். ஒன்று நன்றாயிருக்கிறதே என்று அதை விட்டுவைப்பது, எம்மைப்போன்ற சிக்கனக்காரர் செய்யும் வேலை.

இவையெல்லாவற்றிலும் எளிதான ஒன்றையும் அவர் காட்டினார். தட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்து, முன்னாலிருந்து ஒற்றைக் கண்ணாற் பார்க்கவேண்டும். தட்டுக்கும் கட்டைக்கும் இடையே இருபுறமும் மெல்லிய வெண்கோடு தெரியும். ஒரு பக்கத்துக் கோடு மறைந்திருந்தால், அந்தப் பக்கத்துக் கட்டை உராய்கின்றது. சில்லைச் சுற்றும்போது கோடு தோன்றித் தோன்றி மறைந்தால், தட்டு வளைந்திருக்கின்றது. கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு கொப்பித் தாள் போதும். அன்று இடுக்கிமானியைத் தூக்கிக்கொண்டு வந்ததற்குப் பதிலாக அவனுடைய கொப்பியில் ஒரு தாளைக் கிழித்திருக்கலாம்.

ஆறு கிழமை அவன் கையிற் கட்டுப் போட்டிருந்தான். அந்த ஆறு கிழமையும் அவன் வாசிக்க, நாம் அவனுடைய குறிப்புகளை எழுதினோம். சேதன இரசாயனம் மட்டும் மூன்று கொப்பிகள். எமது கையெழுத்தைப் பிறகு வாசிக்க இயலாதென்று அவன் முறையிட்டது நியாயமே. கட்டு அவிழ்த்த பின்னும் மணிக்கட்டு முற்றாக வளையவில்லை. பரீட்சைக்கு ஒருவாறு எழுதி முடித்தான். இப்பொழுது பேராதனையிற் படிக்கின்றான். மழைக்காலத்தில் அந்தக் கை சிறிது நோகிறதாம். தாயாரிடம் சொல்வதை எம்மிடஞ் சொல்வதில்லை.

சென்ற விடுமுறைக்கு வந்தபோது, கறள் துடைத்து வைத்திருந்த வண்டியை எடுத்து முற்றத்தில் நிறுத்தினான். புதிய தட்டு, புதிய கட்டைகள். எம்மை அழைத்துக் கடதாசியைப் பிடிக்கச் சொன்னான். நாம் குந்தியிருந்து சில்லுக்குப் பின்னாலே பிடித்தோம். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.

“வெளியாலை சரி, மாமா. உள்ளுக்கை இன்னும் ஒரு கால் திருகு தளர்த்தவேணும்” என்றான்.

அலன்கீயை அவனிடங் கொடுத்தோம்.